எண்ணும் எழுத்தும் பார்த்து விதை வாங்குவோம்



சென்ற இதழில் குத்தகைக்குக் காணி எடுப்பது பற்றி எழுதியிருந்தோம். அதை வாசித்த சில குடும்பங்கள், "காணி கிடைத்துவிட்டது, ஆடு மாட்டுக்கு என்ன விதைக்கலாம்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவின் உட்பகுதி ஊர்களில் இந்தக் கேள்விக்கு முதலில் வருகிற பதில் லூசேர்ன். ஆனால் எந்த லூசேர்ன் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதை நாங்கள் காசு கொடுத்துப் படித்தோம். நீங்களும் அப்படிப் படிக்க வேண்டியதில்லை என்பதற்காகவே இம்முறை இதை எழுதுகிறோம்.

ஊரில் நாங்கள் ஆட்டுக்கு அகத்தியும் கிளுவையும் முள்முருக்கும் குழை ஒடித்துப் போட்டு வளர்த்தவர்கள். லூசேர்ன் எங்களுக்குப் புதிது. தமிழ்நாட்டில் இதைக் குதிரைமசால் என்பார்கள். இது புல் அல்ல, பயறு, கடலை போன்ற அவரைக் குடும்பத்துப் பயிர். மூன்று மூன்றாக இலை, ஊதா நிறப் பூ. ஆணிவேர் பல மீற்றர் ஆழம் போகும். அதனால் மேல்மண் காய்ந்த கோடையிலும் பச்சையாக நிற்கும். ஒருமுறை விதைத்தால் நல்ல இனம் நல்ல காணியில் ஐந்து வருடமும் அதற்கு மேலும் நிற்கும். நிற்காவிட்டால் விதைக்காசு, உழவுக்கூலி, ஒரு வருட உழைப்பு எல்லாம் மண்ணோடு போய்விடும்.

எங்களுக்கு நடந்ததும் அதுதான். ஒரே தொழிற்சாலையில் வேலைசெய்யும் நான்கு குடும்பங்கள் சேர்ந்து, சீட்டு எடுத்த காசில் 12 ஏக்கர் குத்தகைக்கு எடுத்தோம். விதை வாங்கப் போன இடத்தில் ஆகக் குறைந்த விலையில் இருந்த மூடையைத் தூக்கி வந்தோம். அதில் இனத்தின் பெயரும் இல்லை, வேறு விபரமும் இல்லை. முதல் வருடம் பயிர் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. நாலு தரம் வெட்டினோம். நல்ல வேலை பார்த்தோம் என்று எங்களையே மெச்சிக்கொண்டோம்.

இரண்டாம் கோடையில் ஒரு கிழமை விடாத மழை. தண்ணீர் தேங்கிய பள்ளப் பக்கம் பயிர் மஞ்சளாகி, பிறகு வாடத் தொடங்கியது. பசளை போதவில்லை என்று நினைத்துப் பசளை வாங்கிப் போட்டோம். வன்னியில் பட்டி வைத்திருந்த அண்ணை ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இலையைப் பார்த்து என்ன செய்யிறது, வேரைக் கிண்டிப் பாருங்கோ" என்றார். மண்வெட்டியால் கிண்டினோம். ஆணிவேர் கபில நிறமாகி, நுனி அழுகிப்போய் இருந்தது. பைற்றொப்தோரா என்ற வேரழுகல் நோய் அது.

அதோடு விடவில்லை. செத்த இடங்களில் அதே விதையை மறுபடி தூவினோம். முளைத்தது, ஆனால் விரற்கடை அளவில் கட்டையாகி நின்றுவிட்டது. பிறகுதான் தெரிந்தது, வளர்ந்த லூசேர்ன் மண்ணில் விடும் பொருட்களே புதிய லூசேர்ன் நாற்றை வளரவிடாது. ஐதாகிப்போன லூசேர்னுக்குள் லூசேர்ன் விதைத்துப் பயனில்லை. அதை உழுது, ஒரு வருடமாவது ஓட்ஸ் போன்ற தானியப் பயிர் போட்டு எடுத்த பிறகுதான் மறுபடி லூசேர்ன் விதைக்க வேண்டும்.

சரி, எப்படித் தெரிவு செய்வது? ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் எண்ணும் சில எழுத்துக்களும் இருக்கின்றன. விதை விற்பவர்களின் விபரத்தாளில் அவை இருக்கும். இல்லையென்றால் கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

முதலில் எண். இது குளிர்காலத்தில் பயிர் எவ்வளவு வளரும் என்பதைக் காட்டுவது. சிறிய எண் என்றால் குளிர்காலத்தில் உறங்கிவிடும். 8, 9, 10 என்றால் குளிரிலும் வளர்ந்துகொண்டிருக்கும். பெரிய எண்தான் நல்லது என்று நினைக்கக் கூடாது. பெரிய எண் இனங்கள் நிமிர்ந்து வேகமாக வளரும், வெட்டி உலர்த்தி 'ஹே' கட்டி விற்க உகந்தவை. ஆனால் பொதுவாக அவற்றின் அடிக்கட்டை ஒடுக்கமாக, மண்ணுக்கு மேலே தூக்கி நிற்கும். ஆடு மாடு அடியோடு கடித்தால் தாங்காது, மூன்று நாலு வருடத்தில் ஐதாகிவிடும். சிறிய எண் இனங்களின் அடிக்கட்டை அகன்று மண்ணோடு பதிந்திருக்கும். மேய்ச்சலைத் தாங்கும், நீண்ட காலம் நிற்கும், ஆனால் குளிர்காலத்தில் தீவனம் குறைவு. மேய்க்கவும் வேண்டும், கொஞ்சம் கட்டவும் வேண்டும் என்றால் 5 முதல் 7 வரை பார்க்கலாம். சார்டி செவன், சார்டி டென் போன்ற சில இனங்களில் எண் பெயரிலேயே இருக்கிறது. சார்டி கிரேசர் என்ற இனம் கடும் மேய்ச்சலைத் தாங்குவதற்கென்றே தென் அவுஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்டது.

அடுத்தது எழுத்து. இதன் அருமை விளங்க ஒரு பழைய கதை தெரிய வேண்டும். 1977 வரை இந்த நாட்டில் அநேகமாக எல்லோரும் விதைத்தது ஹன்ரர் ரிவர் என்ற ஒரே இனம். அந்த வருடம் புள்ளி அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி இங்கே வந்து சேர்ந்தது. ஹன்ரர் ரிவருக்கு அதை எதிர்க்கும் சக்தி இல்லை. பச்சையாக நின்ற வயல்கள் அழிந்தன. அதன்பிறகுதான் பூச்சியையும் வேரழுகலையும் அடிக்கட்டை அழுகலையும் சேர்த்துத் தாங்கும் இனங்களை உருவாக்கத் தொடங்கினார்கள். 1980களில் குயின்ஸ்லாந்துக்கென வந்த ட்ரைபெக்டா, சீக்குவல் ஆகியவை அப்படிப்பட்டவை.

இந்த எதிர்ப்புச் சக்தியை எழுத்தால் குறிப்பார்கள். லூசேர்ன் அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர். ஒரே மூடை விதையிலும் செடிக்குச் செடி குணம் வேறுபடும். அதனால் நூறு செடியில் எத்தனை தாங்கும் என்பதே கணக்கு. 50 இற்கு மேல் தாங்கினால் எச்.ஆர். 31 முதல் 50 வரை என்றால் ஆர். 15 முதல் 30 வரை என்றால் எம்.ஆர். அதற்குக் கீழே எல்.ஆர், எஸ் என்று போகும். எஸ் என்றால் அநேகமாக எல்லாச் செடியும் நோய்க்கு இரை.

எல்லா நோய்க்கும் எச்.ஆர் தேடி அலைய வேண்டாம். உங்கள் காணிக்கு எது எதிரி என்று பாருங்கள். களிமண், தண்ணீர் தேங்கும் இடம், பாய்ச்சல் நீர் என்றால் வேரழுகலுக்கு எச்.ஆர் அல்லது ஆர் இருக்க வேண்டும். சூடும் மழையும் சேர்ந்து வரும் வடபகுதி என்றால் அடிக்கட்டை அழுகலுக்கும் அப்படியே. இந்த நோய் பிடித்த அடிக்கட்டையை வெட்டிப் பார்த்தால் நீலக் கறுப்பாக இருக்கும். அசுவினி எதிர்ப்பு எங்கும் வேண்டும். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். நாட்கணக்கில் வெள்ளம் நின்றால் எந்த எழுத்தும் காப்பாற்றாது. பள்ளக் காணியை லூசேர்னுக்கு எடுக்காதீர்கள். புளிப்பு மண்ணும் இதற்கு ஆகாது. விதைக்கு முன் மண்ணைச் சோதித்து, தேவையென்றால் சுண்ணாம்பு போட வேண்டும்.

விலை பார்க்கும்போது இன்னொன்று. பூச்சுப் போட்ட விதையில் பூச்சும் சேர்த்தே நிறுக்கப்படுகிறது. ஒரு கிலோவில் விதை குறைவாகவே இருக்கும். பூச்சு எத்தனை வீதம் என்று கேட்டுக் கணக்குப் போடுங்கள்.

நல்ல இனம் வாங்கியும் மேய்ச்சலில் கொல்லலாம். காணியை நாலு ஐந்து துண்டாக வேலி போட்டுப் பிரியுங்கள். ஒரு துண்டில் ஒரு கிழமை, மிஞ்சினால் இரண்டு கிழமை. பிறகு ஐந்து ஆறு கிழமை ஓய்வு. அந்த ஓய்வில்தான் வேர் மறுபடி உணவைச் சேமிக்கும். ஓய்வில்லாமல் மேய்த்தால் எந்த இனமும் போய்விடும். பசியோடு இருக்கும் மாட்டை இளம் லூசேர்னுக்குள் விட வேண்டாம். வயிறு ஊதிச் செத்துப்போகும். முதலில் உலர்ந்த தீவனம் கொடுத்து வயிற்றை நிரப்பிவிட்டு விடுங்கள்.

இப்போது நாங்கள் மேட்டுப் பக்கம் ஆறாம் எண் இனம் ஒன்று விதைத்திருக்கிறோம். வேரழுகலுக்கு எச்.ஆர். இது மூன்றாவது வருடம். போன மாதம் மழைக்குப் பிறகு நாலு இடத்தில் கிண்டிப் பார்த்தோம். வேர் வெள்ளையாக இருந்தது. விதைக்குக் கூடக் கொடுத்த காசு, முதல் மூடையில் தொலைத்ததோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

சீட்டுக் காசு எவ்வளவு கஷ்டப்பட்டுச் சேர்வது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இரவு வேலை பார்த்துச் சேர்த்த அந்தக் காசை விபரமில்லாத மூடையில் போடாதீர்கள். கடைகளில் இனங்களின் பெயர்கள் வருடத்துக்கு வருடம் மாறும். எண்ணையும் எழுத்தையும் பார்க்கப் பழகிவிட்டால் எந்தப் பெயர் வந்தாலும் நீங்களே தெரிவு செய்யலாம்.

வெட்டுவது, உலர்த்துவது, கட்டுவது பற்றி அடுத்த இதழில் எழுதுவோம். அதுவரை மண்வெட்டியை எடுத்து உங்கள் காணியின் வேரைப் பாருங்கள்.