குற்றாலத்துப் பாறையும் படுகைகளின் வெப்பமும்

தென்காசியில் எண்ணெய் கிடையாது, கிடைக்க வழியும் இல்லை. குற்றாலத்தில் பேரருவி விழுகிற பாறை, சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் 800 டிகிரிக்கு மேல் வெந்து உருமாறியது. கெரோஜென் எண்ணெயாவதற்கு ஏறக்குறைய 60 முதல் 120 டிகிரி போதும். இருந்தாலும், காவிரி, மன்னார் படுகைகளின் தாய்ப்பாறை முதிர்ச்சியைக் கணிக்கிறவர்கள் ஒரு தடவையாவது சுத்தியலோடு வரவேண்டிய ஊர் இது. மாணவர்களை அரியலூருக்கு அழைத்துப் போகிறோம், புதைபடிவம் காட்டுகிறோம். அடிப்பாறையைக் காட்டுவதில்லை.

காவிரிப் படுகையில் ஆண்டிமடம் அடுக்கும் சாத்தப்பாடிக் களிப்பாறையும் எந்த ஆழத்தில், எந்தக் காலத்தில் முதிர்ந்தன என்பதே நமக்குத் தீராத கேள்வி. 1971-இல் லோபாட்டின் தந்த கால-வெப்பக் குறியீட்டிலிருந்து, 1990-இல் ஸ்வீனியும் பர்ன்ஹாமும் தந்த விட்ரினைட் கணக்கீடு வரை, வேதிவினைப் பக்கம் நன்றாகவே வளர்ந்துவிட்டது. மாடலின் அடித்தளத்தில் கொடுக்கிற வெப்பப் பாய்வு மட்டும் பெரும்பாலும் மென்பொருள் தருகிற பொதுவான எண்ணாகவே நின்றுவிடுகிறது. விட்ரினைட் அளவீட்டோடு கோடு பொருந்தும்வரை அதைக் கூட்டிக் குறைக்கிறோம். பொருந்தியதும் வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

அந்த எண்ணில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலோட்டின் 10 கிலோமீட்டர் தடிமன், கனமீட்டருக்கு 2 மைக்ரோவாட் வெப்பம் உண்டாக்கினால், சதுரமீட்டருக்கு 20 மில்லிவாட் மேலே வருகிறது. அதே தடிமன் 0.2 மைக்ரோவாட் மட்டும் தந்தால் 2 மில்லிவாட்தான். படிவுகளின் வெப்பக் கடத்துதிறன் 2 என்று வைத்துக்கொண்டால், இந்த வித்தியாசம் கிலோமீட்டருக்கு 9 டிகிரி. 3 கிலோமீட்டர் ஆழத்தில் 27 டிகிரி. ஒரு களிப்பாறை பச்சையாகக் கிடக்கிறதா, எண்ணெய் கக்கிவிட்டதா என்பதையே இது மாற்றிவிடும்.

தமிழ்நாட்டில் இந்த இரண்டு வகைப் பாறையும் இருக்கிறது. பாலக்காடு-காவிரி நறுக்குமண்டலத்துக்கு வடக்கே, சேலம், நாமக்கல் பக்கத்துச் சார்னோக்கைட்டில் யுரேனியமும் தோரியமும் மிகக் குறைவு. தெற்கே மதுரைத் தொகுதியில் கூடுதல். தென்காசி வழியாகப் போகிற அச்சன்கோவில் நறுக்குமண்டலத்துக்கும் அப்பால் கோண்டலைட் நிலம். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அள்ளுகிற மோனசைட்டெல்லாம் இப்படிப்பட்ட தென்பாறைகளின் தேய்வுதான். கையில் எடுத்தால் மெழுகு பூசியதுபோல் பச்சைச் சாம்பல் நிறத்தில் மினுங்குகிற சார்னோக்கைட்டுக்கும், பக்கத்திலேயே சிவப்புக் கார்னெட் தெறித்துக் கிடக்கிற நைஸுக்கும் காமா நிறமாலைமானி ஒரே எண்ணைக் காட்டாது. காவிரிப் படுகையின் தரை வடக்கு, தெற்கு இரண்டு தொகுதிகளின் மேலும் படர்ந்திருக்கையில், படுகை முழுவதுக்கும் ஒரே வெப்பப் பாய்வு கொடுப்பது நியாயமே அல்ல. மாதானத்தில் விரிசல் விட்ட அடிப்பாறைக்குள்ளேயே எண்ணெய் கிடைத்த பிறகும் அடிப்பாறையை வெறும் எல்லைக்கோடாக வரைவது இன்னும் வருத்தம் தருகிறது.

மலைப்பாறை சொல்கிற இன்னொரு சேதி அபடைட்டில் இருக்கிறது. யுரேனியம் பிளந்து அந்தப் படிகத்தில் விழும் தடங்கள் தொடக்கத்தில் சுமார் 16 மைக்ரான் நீளம். 60 டிகிரிக்கு மேல் சுருங்கத் தொடங்கி, 120-ஐ நெருங்கும்போது அழிந்துவிடும். எண்ணெய் பிறக்கும் அதே வெப்ப எல்லை! விட்ரினைட் உயர்ந்திருந்தால், வெப்பப் பாய்வு மிகுதியா, அரித்துப்போன படிவு மிகுதியா என்று அதை வைத்து மட்டும் பிரிக்க முடியாது. எப்போது குளிர்ந்தது என்பதைத் தடங்களின் நீளம் சொல்லும். குளோரின் மிகுந்த அபடைட்டில் தடங்கள் எளிதில் அழியாது. ஆகவே படுகை மணலில் கிடைக்கும் அபடைட்டைப் படிப்பதற்கு, அது புறப்பட்ட மலையின் அபடைட்டை அறிந்திருக்க வேண்டும்.

சிற்றாறு குற்றால மலையில் அரித்தது தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. அந்த வளைகுடாவில் இலங்கைப் பக்கம் 2011-இல் டொராடோ கிணற்றில் எரிவாயு கிடைத்தது. அதே ஆண்டு தோண்டிய பராகுடா கிணறு எரிமலைப் பாறையையும் ஊடுருவியது. எரிமலைக்குழம்பு கொண்டுவந்த வெப்பம், அடிப்பாறையின் வெப்பம் என்று அங்கே தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. இரண்டாவதற்கான மாதிரிகள் தென்காசி மாவட்டத்துக் கல்குவாரிகளில் புதிதாக உடைபட்டுக் கிடக்கின்றன.

இனி இவ்விதழுக்கு முதிர்ச்சி மாடல் அனுப்புகிறவர்கள், அடிப்பாறையின் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் அளவுகளை எந்த மாதிரியிலிருந்து எடுத்தார்கள் என்று எழுத வேண்டுகிறோம். வெப்பப் பாய்வை 10 மில்லிவாட் ஏற்றியும் இறக்கியும் ஓட்டிய முடிவுகளை ஒரே படத்தில் சேர்த்துத் தந்தால், மதிப்பீட்டாளர்களின் முதல் கேள்விக்கு அதிலேயே விடை கிடைத்துவிடும்.