2012-ல எழுதின சீட்டை வச்சு இன்னிக்கு கார் வாங்காதீங்க

1/
விழுப்புரம், திண்டிவனம் பக்கம் கார் வாங்கப் போறேன்னு யார் வந்து சொன்னாலும் நான் கேக்கிறது ஒரே கேள்விதான். "ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்க?" பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. ஆனா "டீசல்தான் சார், மேனுவல்தான் சார், மைலேஜ் கொடுக்கும்"ங்கிற முடிவு மட்டும் ரெடியா இருக்கும். நோயாளியைப் பாக்காமலே மருந்து எழுதுற வேலை இது. த்ரெட் கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2/
இந்த முடிவு எங்கேருந்து வந்துச்சு? 2010 ஜூன்ல பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தாங்க. டீசல் விலையை மட்டும் 2014 அக்டோபர் வரைக்கும் அரசு பிடிச்சு வச்சிருந்துச்சு. நடுவுல 2012 மே கடைசியில சென்னையில பெட்ரோல் 77 ரூபாயைத் தாண்டிச்சு, டீசல் 44 ரூபாய் கிட்ட இருந்துச்சு. லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல வித்தியாசம். அன்னிக்கு டீசல் வாங்கினவர் புத்திசாலி, அதுல சந்தேகமே இல்ல.

3/
இப்போ அந்த வித்தியாசம் 10 ரூபாய்க்கும் கீழ வந்தாச்சு. ஆனா பெரியப்பா சொன்னார், சித்தப்பா சொன்னார், டிரைவர் அண்ணன் சொன்னார்னு அதே சீட்டை எடுத்துக்கிட்டு வர்றோம். பத்து வருஷத்துக்கு முன்னாடி உங்கப்பாவுக்கு எழுதின மாத்திரையை இன்னிக்கு நீங்க வாங்கிப் போட்டா நான் திட்டுவேனா மாட்டேனா?

4/
"டீசல்தான் சார் இழுக்கும்" இன்னொரு வேதவாக்கு. உண்மைதான். ஆனா காரணத்தையும் தெரிஞ்சுக்குங்க. 2006 பட்ஜெட்லேருந்து 4 மீட்டருக்குள்ள இருக்கிற காருக்கு வரிச்சலுகை. பெட்ரோல்னா இன்ஜின் 1200 சிசிக்குள்ள, டீசல்னா 1500 சிசிக்குள்ள இருக்கணும். டிக்கி வச்ச குட்டி செடான்கள் எல்லாம் இந்தச் சட்டத்துக்குள்ள அடங்கப் பொறந்த வண்டிங்கதான். பெட்ரோலுக்குச் சின்ன இன்ஜின், டீசலுக்குப் பெரிய இன்ஜின், அதுல டர்போ வேற.

5/
உதாரணத்துக்கு 2018-ல வந்த ஹோண்டா அமேஸ். பெட்ரோல் 1.2 லிட்டர், 110 நியூட்டன் மீட்டர் டார்க், அதுவும் 4800 ஆர்பிஎம் போனாதான் முழுசா கிடைக்கும். டீசல் மேனுவல் 1.5 லிட்டர், 200 நியூட்டன் மீட்டர், 1750 ஆர்பிஎம்லயே கிடைச்சிடும். ரெண்டையும் ஒரே தராசுல நிறுத்தி "பெட்ரோல் சோப்ளாங்கி"ன்னு தீர்ப்பு சொல்றது நியாயமே இல்ல.

6/
சரி, ஓட்டிப் பாத்துட்டுத்தான் பேசறியான்னு கேப்பீங்க. பாத்தேன். ஒரே மாடல்: ஒண்ணு நண்பரோட பெட்ரோல் ஆட்டோமேட்டிக், இன்னொண்ணு விற்பனைக்கு வந்த டீசல் மேனுவல். பேர் வேண்டாம், விளம்பரமாயிடும். ரெண்டுலயும் நாலு பேர், ஏசி ஃபுல், ஒரே ரூட். விழுப்புரம் ஊருக்குள்ள சுத்திட்டு, முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி டோல் வழியா திண்டிவனம். கிட்டத்தட்ட 40 கி.மீ.

7/
முதல்ல டீசலுக்குச் சேர வேண்டிய மரியாதை. விக்கிரவாண்டி தாண்டினதும் அது ராஜா. 80-ல போகும்போது லாரியை ஓவர்டேக் பண்ண கியரைக்கூட மாத்த வேண்டாம், லேசா மிதிச்சாலே போகுது. பெட்ரோல் சிவிடி அதே இடத்துல முதல்ல சத்தம் போடுது, அப்புறம்தான் வேகம் எடுக்குது. நாலு வழிச்சாலையில இது பெரிய விஷயமில்ல. திண்டிவனத்துலேருந்து செஞ்சி போற ரோடு மாதிரி எதிர்ல வண்டி வர்ற இடத்துல இந்தத் தாமதத்தைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டுத்தான் ஓவர்டேக் பண்ணணும்.

8/
இப்போ ஊருக்குள்ள வாங்க. நேருஜி ரோடு, நான்கு முனை சந்திப்பு, அப்புறம் திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழ பஸ் நிக்கிற இடம். முன்னாடி ஷேர் ஆட்டோ, பக்கத்துல பைக், குறுக்க ஒரு மாடு. டீசல்ல இடது கால் கிளட்ச்சை விட்டு இறங்கவே இல்ல. எண்ண ஆரம்பிச்சேன், ஐம்பதுக்கு மேல விட்டுட்டேன். ஆட்டோமேட்டிக்ல அதே இடத்துல இடது கால் சும்மா கிடந்துச்சு.

9/
இங்கதான் டாக்டரா பேசணும். கிளட்ச் மிதிச்சதாலதான் மூட்டுத் தேய்மானம் வந்துச்சுன்னு நான் சொல்லல. ஆனா ஏற்கெனவே தேஞ்ச முட்டி, டிஸ்க் விலகின இடுப்பு, காலுக்கு இறங்குற நரம்பு வலி, இதெல்லாம் இருக்கிறவங்களுக்கு ஒவ்வொரு மிதியும் வலியைக் கிளறிவிடும். ஐம்பது வயசுக்கு மேல கார் வாங்குறவங்க நம்ம ஊர்ல எத்தனை பேர்? காலைத் தடவிக்கிட்டே "டீசல் மேனுவல்தான் டாக்டர்"னு சொல்றவங்களை என்ன செய்றது?

10/
கணக்கு போடுவோம். ஒளிக்காம போடுவோம். வருஷம் 8,000 கி.மீ., அதாவது தினம் 22 கி.மீ. பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய்னு வச்சுக்குங்க. ஊர் ஓட்டத்துல பெட்ரோல் ஆட்டோமேட்டிக் லிட்டருக்கு 14, டீசல் 19. பெட்ரோலுக்கு வருஷம் சுமார் 57,700. டீசலுக்கு 39,200. டீசல் மிச்சம் பண்றது 18,500.

11/
ஆமா, டீசல்ல மிச்சம் இருக்கு. இல்லன்னு சொல்ல மாட்டேன். நாளைக்கு 50 ரூபாய். அந்த 50 ரூபாய்க்கு நீங்க என்னென்ன கொடுக்கறீங்கன்னு பாருங்க: இடது முட்டி, இடுப்பு, ட்ராஃபிக்ல எகிற எரிச்சல். பழைய டீசல்னா இன்ஜெக்டர், டர்போ, கிளட்ச் ப்ளேட் செலவு தனி. இதுல ஒண்ணு கைய வச்சாலும் ஒரு வருஷ மிச்சம் காலி.

12/
இதுவே வருஷம் 25,000 கி.மீ. ஓட்டுறவரா? மிச்சம் 58,000 கிட்ட வருது, அதுவும் பெரும்பாலும் ஹைவேயில. வாரத்துக்கு மூணு தடவை சென்னை போய் வர்ற வியாபாரி, டூரிஸ்ட் வண்டி ஓட்டுற தம்பி, உங்களுக்கு டீசல் மேனுவல்தான் சரி. நான் உங்ககூட சண்டைக்கு வரல. தினம் கடைக்கும் ஸ்கூலுக்கும் போய் வர்றதுக்கு உங்களைப் பாத்து டீசல் வாங்குறாரே, அவர்கூடத்தான் சண்டை.

13/
அடுத்தது புகை. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 ஜூன்ல டீசல் புகையை "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும்"ங்கிற முதல் பிரிவுல சேர்த்துச்சு. பெட்ரோல் புகை சாம்பிராணி இல்ல, அதுவும் கெடுதல்தான். ஆனா டீசல் கரித்துகளோட கதை வேற. பிஎஸ்4 காலத்துச் சின்ன டீசல் கார்கள்ல பெரும்பாலும் அந்தத் துகளைப் பிடிக்கிற ஃபில்டரே கிடையாது.

14/
2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்த பிறகு அந்த ஃபில்டர், டிபிஎஃப், டீசலுக்கு வந்துச்சு. நல்ல விஷயம். ஆனா அதுல சேர்ற கரி எரியணும்னா வண்டி கொஞ்ச நேரம் சீரான வேகத்துல ஓடி, ஃபில்டர் நல்லா சூடாகணும். தினம் மூணு கி.மீ. ஸ்கூல் ட்ரிப் ஓட்டினா அடைச்சுக்கும், டேஷ்போர்டுல விளக்கு எரியும். அப்போ யாராவது ஒருத்தர் வந்து "அதைக் கழட்டிடலாம் சார், பிக்கப் சூப்பரா இருக்கும்"பார். கழட்டாதீங்க. அது சட்டவிரோதம். உங்க வண்டிக்குப் பின்னால நிக்கிற பைக்ல டேங்க் மேல உக்காந்திருக்கே குழந்தை, அதோட நுரையீரலுக்குத்தான் நீங்க அந்தக் கரியை அனுப்பறீங்க.

15/
சந்தையும் மாறிடுச்சு. மாருதி 2020-ல டீசலையே விட்டுட்டாங்க. ஃபோர்டு 2021-ல இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்துறதா அறிவிச்சாங்க. ஹோண்டா 2023-ல அமேஸ் டீசலை நிறுத்தினாங்க. இன்னிக்கு இந்த ரகத்துல புதுசா டீசலே கிடையாது. நீங்க தேடுறது செகண்ட் ஹேண்ட்தான். ஒரு லட்சம் கி.மீ. ஓடின வண்டிக்கு "டீசல்"னு ஒரே வார்த்தைக்காகக் கூடுதல் விலை கொடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிங்க.

16/
கடைசியா, எனக்குக் கோவம் வர்ற வசனம்: "ஆட்டோமேட்டிக்கா? அது லேடீஸ் வண்டி." எத்தனை வீட்டுல லைசென்ஸ் பீரோவுக்குள்ள தூங்குது? டிரைவிங் ஸ்கூல்ல கத்துக்கிட்டாங்க, மேனுவல் நாலு தடவை ட்ராஃபிக்ல ஆஃப் ஆச்சு, பின்னாடி ஹாரன் அடிச்சாங்க, பக்கத்துல உக்காந்திருந்த வீட்டுக்காரர் கத்தினார், அத்தோட சரி. ராத்திரி ரெண்டு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் 103, அவர் வெளியூர்ல, வாசல்ல ஏழு லட்ச ரூபாய் கார் நிக்குது, அந்தம்மா ஆட்டோ கிடைக்குமான்னு அக்கம்பக்கத்துல கதவைத் தட்டறாங்க. வீட்டுல ஒருத்தர் மட்டும் ஓட்டுற கார் பாதி கார்தான். (நெஞ்சுவலி, பக்கவாதம், மூச்சுத்திணறல்னா காரை எடுக்காதீங்க. முதல்ல 108.)

17/
ஆட்டோமேட்டிக்லயும் எச்சரிக்கை இருக்கு. இடது காலுக்கு முழு லீவு, பிரேக்கும் ஆக்சிலேட்டரும் வலது காலுக்கு மட்டும். "டி"ல போட்டு பிரேக்கை விட்டாலே பெரும்பாலான வண்டி மெல்ல நகரும், காலி மைதானத்துல ஒரு வாரம் பழகுங்க. எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒண்ணு இல்ல. டிசையர், ஆரா, டிகோர்ல வர்றது ஏஎம்டி: மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச்சை மெஷின் மிதிக்கும், கியர் மாறும்போது லேசா தலையாட்டும். அமேஸ்ல சிவிடி. ரெண்டையும் ஓட்டிப் பாருங்க.

18/
ஓட்டிப் பாருங்கன்னா ஷோரூம் வாசல்லேருந்து காலி பைபாஸ்ல ரெண்டு கி.மீ. இல்ல. அது டெஸ்ட் டிரைவே கிடையாது, கல்யாண வீட்டு போட்டோ. "ஆட்டோமேட்டிக் டெமோ வண்டி சென்னையிலதான் இருக்கு சார், மேனுவலை ஓட்டிப் பாத்துக்குங்க, ரெண்டும் ஒண்ணுதான்"னு என்கிட்டயே சொன்னாங்க ஒரு இடத்துல. ரெண்டும் ஒண்ணு இல்ல. வண்டி வந்த பிறகு கூப்பிடுங்கன்னு சொல்லிட்டுக் கிளம்பிடுங்க. ஏழெட்டு லட்சம் கொடுக்கப் போறது நீங்க.

19/
ஆக, செய்ய வேண்டியது:
உங்க ஒரு மாச கிலோமீட்டரை எழுதுங்க.
வீட்டு ஆட்களை ஏத்தி, ஏசி போட்டு, நீங்க தினம் போற ரோட்டுல, தினம் போற நேரத்துல ஓட்டுங்க.
ரிவர்ஸ் எடுத்து உங்க தெருவுலயே நிறுத்திப் பாருங்க.
வீட்டுல லைசென்ஸ் வச்சிருக்கிற எல்லாரையும் ஓட்ட வைங்க. முக்கியமா, "எனக்கு வேண்டாங்க"ன்னு சொல்றவங்களை.
அதுக்கப்புறமும் டீசல் மேனுவல்தான் சரின்னு வந்தா தாராளமா வாங்குங்க, முதல் ஆளா நான் வாழ்த்துறேன்.

20/
உங்க தினசரி கி.மீ., வயசு, முட்டி வலி இருக்கா இல்லையா, வீட்டுல எத்தனை பேர் ஓட்டுவாங்க, இந்த நாலையும் கீழ போடுங்க. நேரம் கிடைக்கும்போது பதில் சொல்றேன். "மைலேஜ் எவ்ளோ வரும் டாக்டர்?"னு மட்டும் முதல் கேள்வியா கேக்காதீங்க.