டைமிங் தெரியாத டிப்ளமோ எதற்கு?



ஆண்டு மலர் என்றால் கவிதை இருக்கும், காதல் இருக்கும், நாட்டு நடப்பு இருக்கும். நான் எழுத வந்திருப்பது ஒரு பழைய காரின் இக்னிஷன் டைமிங் பற்றி. "இதையெல்லாமா மலருக்குக் கொடுப்பாங்க?" என்று விடுதியில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்! நம் தொழிலைப் பற்றி நம் மலரில் நாமே எழுதாவிட்டால் வேறு யார் வந்து எழுதுவார்கள்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டோமொபைல் டிப்ளமோ வாங்கிக்கொண்டு வெளியே போகிற ஒவ்வொருவரும், ஒரு பழைய பெட்ரோல் எஞ்சினின் டைமிங்கைத் தன் கையாலேயே ஒரு முறையாவது வைத்திருக்க வேண்டும். ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்தது கணக்கில் வராது. கையில் கிரீஸ் பட்டிருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். அப்பா ஐந்தாம் வகுப்பு. அவர் ஓட்டுவது 1980-களில் வந்த அம்பாசடர் மார்க் 4, பெட்ரோல் வண்டி. கல்யாண ஊர்வலம், கோயில் பயணம், ஆஸ்பத்திரி அவசரம், இதுதான் வருமானம். அந்த வருமானத்தில்தான் என் ஃபீஸ். போன வருஷம் வண்டி இழுக்கவில்லை. மேட்டில் திணறியது, தண்ணீர் கொதித்தது, பெட்ரோல் குடித்தது. ஒரு ஒர்க் ஷாப்பில் கார்பரேட்டரை மாற்றினார்கள். இன்னொரு இடத்தில் ரேடியேட்டரைக் கழற்றினார்கள். பணம் போனது, குறை போகவில்லை. 2021-ல் சென்னையில் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியபோதே எங்கள் வீட்டில் கணக்கு உதைக்க ஆரம்பித்துவிட்டது. இப்போது மைலேஜும் விழுந்தால்?

அப்பா என்னிடம் கேட்டார்: "ஏம்பா, நீ இதைத்தான படிக்கிற? எதனால இழுக்கலன்னு உனக்குத் தெரியுமா?"

நண்பர்களே, எந்த வைவாவிலும் இவ்வளவு கஷ்டமான கேள்வியை யாரும் கேட்டதில்லை! நம்மைப் படிக்க வைத்தவர்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத படிப்பு என்ன படிப்பு?

பதில் பிளாட்டினத்தில் இருந்தது. தொழிலில் பிளாட்டினம் என்று சொல்கிறோமே, அந்த கான்டாக்ட் பிரேக்கர் பாயிண்ட்! (பேர்தான் பிளாட்டினம், முனையில் இருப்பது டங்ஸ்டன்.) அதன் குதிகால் தேய்ந்து இடைவெளி சுருங்கியிருந்தது. வாக்வம் குழாயும் வெடித்திருந்தது. இரண்டும் சேர்ந்து தீப்பொறியைத் தாமதப்படுத்திவிட்டன. புது பாயிண்ட், ஒரு முழ ரப்பர் குழாய், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. இவ்வளவுதான் செலவு.

இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. டைமிங் என்பது ஏதோ மந்திரம், அது பெரிய மேஸ்திரிக்கு மட்டுமே தெரியும் என்ற நினைப்பு நம்மிடையே இருக்கிறதே, அது உடைய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

டைமிங் என்றால் என்ன? பிஸ்டன் மேலே ஏறி டாப்புக்கு வருவதற்குச் சற்று முன்பே பிளக்கில் பொறி விழ வேண்டும். காரணம், பெட்ரோல் காற்றுக் கலவை பட்டென்று வெடிப்பதில்லை, பற்றிப் பரவுகிறது. அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரம் 2 மில்லி செகண்ட் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் நிமிஷத்துக்கு 600 சுற்று சுற்றும்போது, 2 மில்லி செகண்டில் கிராங்க் 7 டிகிரிதான் நகரும். 3000 சுற்றில் அதே நேரத்துக்குள் 36 டிகிரி நகர்ந்துவிடும்! ஆகவே வேகம் கூடக் கூடப் பொறியும் முன்கூட்டி விழ வேண்டும். அதற்காகத்தான் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஸ்பிரிங் கட்டிய இரண்டு எடைகள். லேசான மிதியில் இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளுவதற்குத்தான் வாக்வம் டயாஃபிரம். நாம் ஸ்பேனர் பிடித்து வைப்பது ஆரம்பப் புள்ளியை மட்டும். ஆரம்பம் தவறினால் மேலே எல்லாமே தவறும்.

நோயைக் கண்டுபிடிப்பது எப்படி? பொறி தாமதமானால் பிக்கப் இருக்காது, எஞ்சின் சூடேறும், சைலன்சர் பக்கம் அனல் அடிக்கும், பெட்ரோல் வீணாகும். பொறி முந்தினால் டாப் கியரில் மேடு ஏறும்போது தகர டப்பாவில் கோலிக்குண்டு உருட்டிய மாதிரி சத்தம் வரும். ஹேண்டில் போட்டால் திருப்பி உதைக்கும், மணிக்கட்டு போய்விடும். ஆனால் இந்த அறிகுறிகளை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. ரேடியேட்டர் அடைத்தாலும் சூடேறும். உள்ளே கரி பிடித்தாலும் சத்தம் வரும். அதனால் வரிசை முக்கியம். முதலில் பிளக், பிறகு பாயிண்ட் இடைவெளி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் வெடிப்பு, ரோட்டார், வாக்வம் குழாய், அதன் பிறகு டைமிங், கடைசியில்தான் கார்பரேட்டர். நம் ஊரில் பல இடங்களில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கார்பரேட்டர் ஸ்க்ரூ கைக்கு எட்டுகிறது, அதனால் முதல் திருகல் அதற்குத்தான்!

வீட்டு வாசலில் செய்வதற்கு என்ன வேண்டும்? ஃபீலர் கேஜ், ஸ்பேனர், இரண்டு ஒயர் வைத்த 12 வோல்ட் சின்ன பல்பு. போதும். வண்டியை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். நாலு பிளக்கையும் கழற்றுங்கள். காயிலின் பெரிய ஒயரை மூடியிலிருந்து பிடுங்கி, பாடியில் எர்த் படும்படி வையுங்கள். எஞ்சின் தவறியும் உதைக்கக் கூடாது, வெளியே பொறியும் பறக்கக் கூடாது. முதலில் பாயிண்ட் இடைவெளி. அம்பாசடரின் பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் 0.35 முதல் 0.40 மி.மீ. இதை வைத்த பிறகுதான் டைமிங். இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், குறைந்தால் தாமதமாகத் திறக்கும். டைமிங்கை வைத்துவிட்டு இடைவெளியைத் தொட்டால் செய்த வேலை வீண்.

அடுத்து, ரேடியேட்டர் பக்கம் இருக்கிற முதல் சிலிண்டரின் பிளக் ஓட்டையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு ஹேண்டிலை மெதுவாகச் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளும்போது கம்ப்ரஷன் வருகிறது என்று அர்த்தம். அப்படியே கிராங்க் புல்லியில் உள்ள வெட்டு, உங்கள் எஞ்சினின் புத்தகம் சொல்கிற டிகிரிக்கு நேராக வரும்போது நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் கொஞ்சம் பின்னால் கொண்டுபோய் மறுபடி முன்னோக்கி வாருங்கள், செயின் தளர்ச்சி ஏமாற்றாது. ரோட்டார் இப்போது முதல் சிலிண்டர் ஒயரைப் பார்த்து நிற்க வேண்டும். பல்பின் ஒரு ஒயரை டிஸ்ட்ரிபியூட்டரின் சிறிய டெர்மினலிலும் இன்னொன்றை எர்த்திலும் கொடுத்து, சாவியைப் போடுங்கள். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டர் உடலை ரோட்டார் சுற்றுகிற திசையில் பல்பு அணையும்வரை திருப்புங்கள். பிறகு எதிர்த் திசையில் மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். பல்பு எரிகிற அந்த நொடியில் பாயிண்ட் திறக்கிறது. அங்கே நிறுத்தி போல்ட்டை முறுக்கி, சாவியை உடனே அணைத்துவிடுங்கள். விட்டு வைத்தால் காயில் சூடேறிக் கெட்டுப்போகும்.

மயிரிழை என்று ஏன் சொன்னேன்? டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. இங்கே 1 டிகிரி, அங்கே 2 டிகிரி. உடலின் விட்டம் 6 செ.மீ. என்று கணக்குப் போட்டால், அரை மில்லி மீட்டர் நகர்ந்தாலே கிராங்கில் 2 டிகிரி மாறிவிடும். "கொஞ்சம் தட்டி விடுறேன்" என்று ஸ்பேனரால் தட்டுகிறார்களே, அந்தத் தட்டில் எத்தனை டிகிரி போகிறது என்று யோசித்துப் பாருங்கள்!

டைமிங் லைட் கிடைத்தால் இன்னும் நல்லது. வாக்வம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலில் புல்லி மேல் லைட்டை அடித்தால் வெட்டு நின்ற மாதிரி தெரியும். ஆக்சிலரேட்டரைக் கூட்டினால் வெட்டு நகர வேண்டும். நகராவிட்டால் உள்ளே எடைகள் துருப்பிடித்துச் சிக்கியிருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: நின்ற மாதிரி தெரிகிறதே தவிர, எதுவும் நிற்கவில்லை! லுங்கி, துண்டு, தலைமுடி எதுவும் ஃபேன் பக்கம் போகக் கூடாது. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடவும் கூடாது.

"காதை விடவா உன் பல்பு பெருசு, தம்பி?" என்று எங்கள் தெரு மேஸ்திரி அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. அவர் காதை நான் மதிக்கிறேன். புத்தகத்து எண் புது எஞ்சினுக்கும் அன்றைய பெட்ரோலுக்கும் எழுதியது. 2000 பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் நின்றது. 2025-ல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. செயின் தேய்ந்த கிழ எஞ்சினுக்கும் இன்றைய பெட்ரோலுக்கும் அந்த எண் ஒரு தொடக்கம்தான். மேட்டில் ஓட்டிப் பார்த்து, சத்தம் வந்தால் ஒன்றிரண்டு டிகிரி பின்னே தள்ள அவர் காதுதான் வேண்டும். ஆனால் காது மட்டும் போதாது. தாமதமான பொறி சத்தமே போடாது. அது மௌனமாகப் பெட்ரோலைக் குடிக்கும். முதலில் பல்பு, அடுத்து லைட், கடைசியில் காது. இப்படி வைத்துக்கொண்டால் அவருக்கும் கௌரவம், நமக்கும் கௌரவம். அண்ணனும் சிரித்துக்கொண்டே, "சரி, அந்த பல்பை இங்க ஒண்ணு விட்டுட்டுப் போ" என்றார்.

குறுக்கு வழியின் கதையும் இதில் இருக்கிறது. காரில் பேட்டரி இக்னிஷன் முறையை வளர்த்தெடுத்தவர் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங். அதே கெட்டரிங்கின் கீழ் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி, 1921-ல் நாக்கிங் சத்தத்தை அடக்க ஈயக் கலவையைக் கண்டுபிடித்தார். சத்தம் அடங்கியது. ஆனால் உலகம் முழுக்கக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியது. கடைசி நாடான அல்ஜீரியா அதை நிறுத்த 2021 ஆனது. நூறு வருஷம்! அறிகுறியை மட்டும் அடக்குகிற வைத்தியம் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சில நண்பர்கள் கேட்கலாம்: "அம்பாசடர் 2014-லேயே நின்னு போச்சு. இனிமே எல்லாம் சென்சார், எலெக்ட்ரிக். இது எதுக்குப்பா?" நான் கேட்கிறேன்: புதிய பெட்ரோல் காரில் ஸ்கேனரை மாட்டினால், இக்னிஷன் அட்வான்ஸ் என்று டிகிரியில் ஓர் எண் ஓடுகிறதே, அது என்ன? புல்லி வெட்டு செய்த வேலையை இன்று கிராங்க் சென்சார் செய்கிறது. மேஸ்திரியின் காது செய்த வேலையை நாக் சென்சார் செய்கிறது. பாயிண்டைக் கையால் திறந்து பார்த்தவனுக்கு அந்த எண் பேசும். பார்க்காதவனுக்கு அது வெறும் எண். ஸ்கேனர் காட்டிய பாகத்தைக் கழற்றி மாற்றுவது மட்டும்தான் வேலை என்றால், அதற்கு மூன்று வருஷம் டிப்ளமோ எதற்கு? பெற்றோர் வியர்வை எதற்கு?

ஆகவே நம் மாணவர் சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, லேபில் மூலையில் கிடக்கும் பழைய பெட்ரோல் எஞ்சினைக் காயலான் கடைக்குத் தள்ளாமல், ஓடுகிற நிலைக்குக் கொண்டுவர நிர்வாகத்திடம் கேளுங்கள். வேலை செய்ய நாங்கள் தயார். இரண்டு, ஆளுக்கு ஒரு முறையாவது அதில் டைமிங் வைக்க வாய்ப்பு வாங்கித் தாருங்கள். மூன்று, வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வளாகத்தில் பழைய கார் ஓட்டுகிறவர்களை அழைத்து, இலவசமாக டைமிங் பார்த்துக் கொடுப்போம். பார்த்துக் கொடுப்பதோடு நிறுத்தாமல், எப்படிப் பார்ப்பது என்று அவர்களுக்கும் சொல்லிக் கொடுப்போம். அவர்கள் சம்பாதித்த காசில்தான் நம்மில் பலர் இங்கே உட்கார்ந்திருக்கிறோம்.

ரத்த தானமும் மரம் நடுதலும் நம் சங்கம் செய்கிறது. நல்லதுதான், தொடரட்டும். அவற்றோடு நமக்குத் தெரிந்த தொழிலையும் ஊருக்குக் கொடுப்போம். பல்பு என்னிடம் இருக்கிறது. யார் வருகிறீர்கள்?

- மூன்றாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு