இல்லறச் சிந்தனை: உத்தியோகத்தை விட்ட பிறகு

மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் காலை வேளையில் உலாவுவோர் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். சென்ற மாதம் அங்கே, நாற்பத்தைந்து வயதுள்ள நம் அன்பர் ஒருவர் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தனியே அமர்ந்திருக்கக் கண்டேன்.

"இன்று ஆபீஸ் இல்லையா?" என்று வினவினேன்.

சற்று மௌனமாயிருந்தவர், "மூன்று வாரமாகவே இல்லை, ஸார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை" என்றார்.

ஆஸ்துமா அவருக்கு நெடுநாளைய உபாதை. மழைக்காலத்தில் இரவெல்லாம் மூச்சுத் திணறும். விடிந்தால் மின்சார ரயிலின் நெரிசலில் ஏறவியலாது. பதினோராண்டு உழைத்த இடத்தில் வருகைப் பதிவேடு ஒன்றே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிற்று. மூன்றாம் எச்சரிக்கைக் கடிதம் வந்ததும் மனம் நொந்து, தாமே ராஜிநாமா எழுதிக் கொடுத்துவிட்டார்.

நோயுறுதல் குற்றமன்று, அதனை மறைத்துத் தனியே சுமப்பதே துன்பத்தை இரட்டிக்கிறது. ஆகவே முதலில் மனையாளிடம் சொல்லிவிடுமாறு கேட்டுக்கொண்டேன். பிறகு அவருக்குரியவற்றைக் கணக்கிட்டோம்.

ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றியவர், தாமே விலகினாலும் பணிக்கொடை பெறுவார். ஆண்டொன்றுக்கு 15 நாள் சம்பளம். மாதத்திற்கு 26 நாள் என்பது கணக்கு. நோயால் உழைக்கும் திறன் இழந்து விலகியவருக்கு ஐந்தாண்டு நிபந்தனையும் இல்லை. சேமநிதி ஓய்வூதியத் திட்டத்தில் பத்தாண்டு நிறைந்தவருக்கு 58 வயதில் ஓய்வூதிய உரிமை உண்டு. பணி அனுபவச் சான்றிதழையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

ராஜிநாமா எழுத எண்ணியிருப்போருக்கும் ஒரு சொல். ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் உள்ளவர், உரிய நாட்கள் சந்தா செலுத்தியிருப்பின், மருத்துவச் சான்றின்பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு பெறலாம். கடிதத்தில் கையொப்பமிடுமுன் இதனை விசாரித்தறிதல் நலம்.

மறுநாள் அன்பரை அதே பெஞ்சியில் கண்டேன். மடியில் டப்பா இல்லை. அருகில் அவர் மனைவி அமர்ந்திருந்தார்.

"உங்கள் சீசன் டிக்கெட் முடிந்து பத்து நாளாகிறது, புதுப்பிக்கவில்லையே என்று அப்போதே கவனித்தேன். நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன் என்கிறாள், ஸார்" என்றார் அன்பர், கண் கலங்க.

இப்போது அவர், வீட்டிலிருந்தபடியே இரண்டு கடைகளுக்குக் கணக்கெழுதுகிறார். வருவாய் முன்போல் இல்லை. எனினும் மூச்சு வாங்கும் நாளில் படுத்துக்கொள்ளலாம். எவரிடமும் பொய் சொல்ல வேண்டியதில்லை.

உற்றார் ஊரில் இருக்க, நாம் இங்கே பிழைக்க வந்தவர்கள். அண்டை வீட்டு அன்பர் வேளை தவறிப் பூங்காவில் அமர்ந்திருக்கக் கண்டால், அருகில் சென்று அமருங்கள். உறவினர் செய்ய வேண்டியதை இவ்வூரில் நாம்தான் செய்யவேண்டும்.