துரு கணக்கேட்டைப் படிப்பதில்லை

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்துக் கார்ல்ஸ்பாட் அருகே, 2000 ஆகஸ்டு 19 அன்று எரிவாயுக் குழாய் வெடித்து, ஆற்றோரம் கூடாரமடித்திருந்த 12 பேர் மாண்டனர்.

அது 1950-ல் போட்ட குழாய். உள்ளே நீரும் அழுக்கும் தேங்கி இரும்பை அரித்தன. ஓரிடத்தில் அதன் கனத்தில் நூற்றுக்கு 72 பங்கு கரைந்துவிட்டது. கம்பெனியின் துருத்தடுப்பு முறை இதைக் கண்டுபிடிக்கவில்லை. சோதனைக்குப் போன அரசாங்க அதிகாரிகளும் அம்முறையின் ஓட்டையைக் காணவில்லை! 2003-ல் விசாரணை வாரியமே இப்படிச் சொல்லிற்று.

மரத்தைப் பாராமல் செக்ரோலை மட்டும் பார்ப்பவன் பட்டைக் காயத்தை எப்படி அறிவான்?

நம் நாட்டிலும் வீடுகளுக்குப் பக்கத்தில் குழாய் ஓடுகிறது. அதிகாரிகள் ஏட்டை மூடட்டும்; குழாய்க்குள் கருவியை அனுப்பிச் சோதிக்கட்டும்; கண்டதைக் குடியிருப்போர்க்குச் சொல்லட்டும். உயிர் போனபின் வரும் அறிக்கை யாருக்கு வேண்டும்?