'சம்பளம்'னு தேடினா எல்லோர் சம்பளமும் வருதா? ஆபீஸ் ஃபைல்களை ஏஐ தேடலுடன் இணைப்பதில் என்ன சிக்கல்?

காலையில் ஆபீஸுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறக்கிறீர்கள். கம்பெனி புதிதாகக் கொடுத்திருக்கும் ஏஐ தேடல் பெட்டியில், இந்த மாத சம்பள ஸ்லிப்பை எடுக்க 'சம்பளம்' என்று டைப் செய்கிறீர்கள். உங்கள் ஸ்லிப்புக்கு மேலே மொத்த டிபார்ட்மென்ட்டின் சம்பள உயர்வு பட்டியலும் வந்து நிற்கிறது. யாருக்கு எவ்வளவு, யாரை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்பது வரை அதில் இருக்கிறது.

ஹேக் பண்ணிட்டாங்களா? இல்லை. யாருடைய பாஸ்வேர்டும் திருடு போகவில்லை. அந்த ஃபைலைப் பார்க்க உங்களுக்கு ஆரம்பத்தில் இருந்தே அனுமதி இருந்திருக்கிறது. அது உங்களுக்கும் தெரியாது, ஹெச்.ஆருக்கும் தெரியாது. அவ்வளவுதான்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் பிரச்சினை நிஜம். 'ஓவர்ஷேரிங்' என்ற பெயரில் இதைச் சரிசெய்வது எப்படி என்று மைக்ரோசாஃப்ட்டே தன் வாடிக்கையாளர்களுக்குத் தனியாக வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது.

திடீர்னு ஏன் இந்தப் பேச்சு?

நிறுவனங்களின் ஃபைல்கள் இப்போது ஒரே இடத்தில் இருப்பதில்லை. கொஞ்சம் கூகுள் டிரைவில், கொஞ்சம் ஒன்டிரைவில், கொஞ்சம் டிராப்பாக்ஸில் கிடக்கும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் தேட முடிந்தால் நேரம் மிச்சம் என்பதுதான் இந்த இணைப்பின் அடிப்படை.

மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட் 2023 நவம்பர் 1 முதல் பெரிய நிறுவனங்களுக்கு விற்பனைக்கு வந்தது. ஒரு ஊழியருக்கு மாதம் 30 டாலர். 2025 ஜூனில் சாட்ஜிபிடியும் கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், ஷேர்பாயிண்ட், பாக்ஸ், டிராப்பாக்ஸ் ஆகியவற்றுடன் நிறுவனங்கள் இணைத்துக்கொள்ள வழி செய்தது. நம்மூர் ஸோஹோவிலும் மெயில், ஃபைல், சாட் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேடும் 'ஸியா சர்ச்' இருக்கிறது.

தேடல் பெட்டி உள்ளே என்ன செய்கிறது?

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நீங்கள் கேட்கும்போது மட்டும் டிரைவுக்குப் போய்த் தேடி எடுத்து வருவது. இன்னொன்று, எல்லா ஃபைல்களையும் முன்கூட்டியே படித்து ஒரு இண்டெக்ஸ் தயாரித்து வைத்துக்கொள்வது. நூலகத்தில் புத்தக அடுக்குக்குப் போகாமல் கேட்லாக்கைப் பார்த்தே பதில் சொல்வது மாதிரி. வேகமாக வேலை நடக்க வேண்டுமென்றால் இரண்டாவது வழிதான்.

இண்டெக்ஸ் எடுக்கும்போது ஃபைலில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு, அதை யார் யார் பார்க்கலாம் என்ற பட்டியலையும் சேர்த்து எடுக்க வேண்டும். நீங்கள் தேடும்போது அந்தப் பட்டியலோடு உங்கள் பெயரை ஒப்பிட்டு, அனுமதி இல்லாததை வடிகட்டிவிட்டுத்தான் ரிசல்ட் காட்ட வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இடறும் இடங்கள் நிறைய. கூகுள் டிரைவில் 'ஃபைனான்ஸ் டீம்' என்று ஒரு குரூப் இருக்கும். தேடல் வேறு நிறுவனத்துடையதாக இருந்தால், அந்த குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு இமெயில் முகவரியாகப் பொருத்திச் சொல்லித்தர வேண்டும். காலையில் ஒருவருக்கான அனுமதியை நீக்கினால், அடுத்த முறை இண்டெக்ஸ் புதுப்பிக்கப்படும் வரை பழைய பட்டியலே ஓடிக்கொண்டிருக்கலாம். வேலையை விட்டுப் போகிறவர்கள் விஷயத்தில் இந்த இடைவெளி சாதாரணமானது இல்லை.

பூட்டு உடையல... பூட்டவே இல்ல!

வடிகட்டி சரியாகவே வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் முதலில் சொன்ன சம்பளப் பட்டியல் வெளியே வரும். காரணம் தேடலில் இல்லை, ஃபைல் ஷேர் செய்யப்பட்ட விதத்தில் இருக்கிறது.

ஷேர்பாயிண்ட்டில் 'வெளியாட்களைத் தவிர எல்லோரும்' என்று ஒரு ரெடிமேட் குரூப் உண்டு. பத்து பேருக்குத் தனித்தனியாக அனுமதி கொடுக்கச் சோம்பல்பட்டு ஒருவர் இதைத் தேர்வு செய்தால், நிறுவனத்தின் மொத்த ஊழியர்களுக்கும் அந்த ஃபைல் திறந்துவிடும். டீம்ஸ் செயலியில் ஒரு டீமை 'பப்ளிக்' என்று உருவாக்கினாலும் அதன் ஃபைல்கள் இதே கதிதான். 'வெளியாட்களைத் தவிர' என்ற வார்த்தையைப் பார்த்ததும் பத்திரமாக இருக்கும் என்று தோன்றுவதுதான் இதில் வேடிக்கை.

இத்தனை வருஷம் ஏன் பிரச்சினை வரவில்லை? ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் 'ஃபைனல்_புதுசு_2' என்று ஒரு ஃபைல். அது அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருந்ததையே பாதுகாப்பு என்று நம்பிக்கொண்டிருந்தோம். தேடல் வந்ததும் அந்தத் திரை விலகிவிட்டது. பழைய தேடலில் சரியான வார்த்தையைத் தட்டினால்தான் மாட்டும். ஏஐ தேடலில் "அடுத்த வருஷம் யாருக்கெல்லாம் புரமோஷன்?" என்று பேச்சு வழக்கில் கேட்டாலே போதும், நாலு ஃபைலைப் படித்து ஒரே பத்தியில் சொல்லிவிடும்.

மைக்ரோசாஃப்ட் 2024-ல் ஒரு தற்காலிகத் தடுப்பைக் கொண்டுவந்தது. நிறுவனம் அனுமதிக்கும் அதிகபட்சம் 100 ஷேர்பாயிண்ட் தளங்களோடு பொதுத் தேடலைச் சுருக்கிக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கான தளங்கள் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அனுமதிகளைச் சரிபார்த்து முடிக்கும் வரை அவகாசம் கிடைக்கும், அவ்வளவே.

அமெரிக்க நாடாளுமன்றம் தயங்கியது ஏன்?

2024 மார்ச்சில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை, தன் ஊழியர்கள் கோபைலட்டைப் பயன்படுத்தத் தடை போட்டது. சபையின் தகவல்கள், அனுமதி பெறாத கிளவுட் சேவைகளுக்குக் கசியக்கூடும் என்பது சொல்லப்பட்ட காரணம். 2025 செப்டம்பரில் அதே சபை, ஊழியர்களுக்கு கோபைலட் வழங்கப்போவதாக அறிவித்தது. வேண்டவே வேண்டாம் என்று ஒதுக்கிவைப்பது நடைமுறையில் நீடிக்கவில்லை.

ஃபைலே கட்டளை போட்டால்?

இது வேறு வகையான ஆபத்து. 2025 ஜூனில் வெளியே தெரிந்த 'எக்கோலீக்' குறைபாட்டை எடுத்துக்கொள்வோம். தாக்குபவர் ஒரு சாதாரண மெயில் அனுப்பினால் போதும். வாங்கியவர் எந்த லிங்க்கையும் தொட வேண்டாம். பின்னர் அவர் கோபைலட்டிடம் ஏதோ கேட்கும்போது, அந்த மெயிலில் இருக்கும் கட்டளையை அது தனக்கு இடப்பட்ட உத்தரவாக எடுத்துக்கொண்டு, உள் தகவல்களை வெளியே அனுப்பிவிடும் நிலை இருந்தது. ஆபத்து மதிப்பெண் 10-க்கு 9.3. மைக்ரோசாஃப்ட் அதைச் சரிசெய்துவிட்டது. வாடிக்கையாளர்கள் யாரும் பாதிக்கப்படவில்லை என்றும் கூறியது.

அதே ஆண்டு ஆகஸ்ட்டில், லாஸ் வேகாஸ் பிளாக் ஹேட் மாநாட்டில் ஜெனிட்டி நிறுவன ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். ஒரு ஆவணத்தில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில், கண்ணுக்கே தெரியாத சைஸில் கட்டளை எழுதி, அதை ஒருவரின் கூகுள் டிரைவுக்கு ஷேர் செய்தார்கள். டிரைவோடு இணைக்கப்பட்ட சாட்ஜிபிடியிடம் அந்த ஆவணத்தைச் சுருக்கித் தரச் சொன்னதும், அது டிரைவில் இருந்த ரகசியக் குறியீடுகளைத் தேடி எடுத்து வெளியே அனுப்பியது. இந்த வழியும் அடைக்கப்பட்டது. அனுமதிப் பட்டியலை எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும் இந்த வகைத் தாக்குதலுக்கு அது மட்டும் போதாது.

தமிழ் ஃபைல்கள் தேடலில் சிக்குமா?

யூனிகோடில் இருந்தால் சிக்கும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் டைப் செய்த ஃபைல் என்றால், தேடல் இயந்திரத்துக்கு அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். ஸ்கேன் செய்த கடிதங்களிலும், எழுத்தைப் படித்தெடுக்கும் வசதி இல்லை என்றால் எதுவும் கிடைக்காது. 'தேடினேன், அப்படி ஃபைலே இல்லை' என்று ஏஐ சொன்னால், பழைய தமிழ் ஆவணங்கள் விஷயத்தில் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தனிநபர் தகவலைக் காக்க நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். தவறுதலாக வெளியே தெரிந்தாலும் அது தகவல் மீறல்தான். வெளியாள் வந்து திருட வேண்டும் என்பதில்லை. ஊழியரின் சம்பளம், மெடிக்கல் லீவுக்குக் கொடுத்த மருத்துவச் சான்று எல்லாம் இதில் அடங்கும். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் கொடுக்கப்பட்டிருக்கிறது.

ஊழியர்கள் என்ன செய்யலாம்?

பெரும்பகுதி அட்மின் கையில் இருக்கிறது. ஆனால் நீங்கள் ஷேர் செய்த ஃபைல் உங்கள் கையில்தான். ஆபீஸ் கூகுள் டிரைவில் ஷேர் பட்டனைத் திறந்து, நிறுவனத்தில் உள்ள எல்லோருக்கும் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், பக்கத்திலேயே உள்ள செட்டிங்ஸில், லிங்க் வைத்திருப்பவர்கள் மட்டும் திறக்க முடியுமா, இல்லை எல்லோரும் தேடி எடுக்க முடியுமா என்பதையும் மாற்றிக்கொள்ளலாம். அப்படியே அந்தப் புதிய தேடல் பெட்டியில் உங்கள் பெயரை ஒருமுறை டைப் செய்து பாருங்கள். உங்களுக்குக் காட்டப்படக் கூடாத ஃபைல் ஏதாவது வந்தால் திறக்காமல் ஐ.டி. டீமுக்குச் சொல்லிவிடுங்கள், அங்கே யார் எதைத் திறந்தார்கள் என்பதும் பதிவாகும்.