பச்சையாகத் தின்னாவிட்டால் போதுமா?



வளர்ப்பு மீனின் சத்துகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை பயனுள்ளது. ஆனால் கிருமிகளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லையே! சிங்கப்பூர்வாசிகளான நாம் 2015ஐ அதற்குள் மறந்துவிட்டோமா?

அதுவரை பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்றால் பச்சிளங்குழந்தைகளையும் முதியோரையும் தாக்கும் கிருமி என்றே மருத்துவர்கள் பெரும்பாலும் அறிந்திருந்தனர். அந்த ஆண்டு அதன் ‘எஸ்டி283’ வகை, திடமான நடுவயதினரையும் மூளையுறை அழற்சி, இரத்தத் தொற்று, மூட்டுத் தொற்று என்று படுக்கையில் தள்ளியது. சீனக் கஞ்சியோடு பரிமாறப்பட்ட பச்சை மீன் துண்டுகளே காரணம் எனத் தெரியவந்தது. டிசம்பரில் உணவுக் கடைகளில் நன்னீர் மீனைப் பச்சையாகப் பரிமாறத் தடை வந்தது. எலுமிச்சைச் சாறு பிழிந்தால் கிருமி சாகும் என்று இன்றும் சிலர் நம்புகிறார்கள், சாகாது. நன்றாக வேகவைத்தால்தான் சாகும்.

“நாம்தான் குழம்பு வைத்துத் தின்கிறோமே” என்று நம்மவர்கள் சொல்லலாம். ஆனால் 2021இல் ஹாங்காங்கில் இதே வகை பரவியபோது, கையில் காயத்தோடு நன்னீர் மீனைத் தொட்டவர்களும் பாதிக்கப்பட்டனர். திலாப்பியாவைக் கழுவிய கையோடு, அதே பலகையில் வெள்ளரிக்காய் நறுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இல்லையா, என்ன?

ஈரச் சந்தை மீன் கடைகளில் இதுபற்றித் தமிழிலும் ஓர் அறிவிப்பு வைக்கலாம். பண்ணைக் குளத்து நீரையும் மீனையும் எவ்வாறு சோதிக்கிறார்கள் என்பதை அடுத்த இதழிலாவது எழுதுங்கள்.

வாசகி, சிங்கப்பூர்